வெட் டெக் படிப்பு: ஆன்லைனா, கம்யூனிட்டி காலேஜா? எதைக் கேட்டு முடிவு பண்றது?

சாம்பல்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கங்க.

வயசு 31. ஊர்ல பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சேன். கல்யாணமாகி கலிபோர்னியா வந்து ஆறு வருஷம் ஆச்சு. இருக்கிறது ஃப்ரீமான்ட்ல. கிரீன் கார்டு போன வருஷம் கைக்கு வந்துச்சு. மூணு வயசுல ஒரு பையன்.

ஒன்றரை வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய் உதவி பண்றேன். ஆரம்பத்துல துண்டு துவைச்சு மடிக்கிற வேலை மட்டும்தான். பூனைக் கூண்டைக் கழுவ விட்டதே நாலு மாசம் கழிச்சு. அங்க ஒரு வெட்டர்னரி டெக்னீஷியன், அதாவது கால்நடை டாக்டருக்குக் கூட நின்னு வேலை பார்க்கிற வெட் டெக், வருவாங்க. ஒரு நாள் உள்ளங்கை அளவு பூனைக்குட்டி ஒண்ணுக்குக் கழுத்து நரம்புல ரத்தம் எடுத்தாங்க. குட்டி ஒரு சத்தம் போடல. பக்கத்துல துண்டோட நின்ன எனக்குத்தான் மூச்சு நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், நான் இதைத்தான் படிக்கப் போறேன்னு.

அவர் சரின்னுட்டார். மாமியார்தான், "டாக்டருக்குப் படிக்கிறேன்னா சரி, டெக்னீஷியன்னா ஏசி ரிப்பேர் மாதிரி இல்ல இருக்கு"ங்கிறாங்க. அதை விடுங்க.

இப்ப என் முன்னால நாலு வழி இருக்கு. ஒண்ணு, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ்ல இருக்கிற ஃபுட்ஹில் கம்யூனிட்டி காலேஜ். ரெண்டு, வீட்டிலிருந்தே படிக்கிற தொலைதூரப் படிப்பு. மூணு, ஒரு தனியார் தொழிற்கல்லூரி. ஒரே ஒரு தடவை அவங்க வெப்சைட்ல என் நம்பரைப் போட்டேன், இப்ப ஒரு நாளைக்கு மூணு தடவை கூப்பிடுறாங்க. ஃபீஸைக் கேட்டதும் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சிட்டார். நாலாவது, காப்பகத்துல ஒருத்தர் சொன்னது: "கலிபோர்னியால காலேஜே வேண்டாம், க்ளினிக்ல மணிக்கணக்கு சேர்த்தாலே பரீட்சை எழுதலாம்." நிஜமா?

காலேஜைக் கூப்பிட்டு என்ன கேட்கணும்னுகூட எனக்குத் தெரியல. இன்னொண்ணு, ரெண்டாவது குழந்தை யோசனையும் இருக்கு. இந்த வேலையில அது சிக்கலா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

வாலில்லாப்பல்லி:

வாங்க தங்கச்சி. நான் ஆர்விடி, அதாவது கலிபோர்னியால பதிவு பெற்ற வெட் டெக். டெக்சாஸ்ல படிச்சு அங்க எல்விடி லைசென்ஸ் வாங்கினேன். வீட்டுக்காரர் வேலை மாறி சாக்ரமென்டோ வந்தோம், இங்க ஆர்விடியா பதிஞ்சுக்கிட்டேன். மாநிலத்துக்கு மாநிலம் பேர்தான் வேற. ஒரு ஊர்ல சிவிடி, இன்னொரு ஊர்ல எல்விடி, டென்னசியில எல்விஎம்டி. பரீட்சை ஒண்ணுதான்: விடிஎன்இங்கிற தேசிய வெட் டெக் பரீட்சை. 170 கேள்வி, 3 மணி நேரம். அதுல 20 கேள்விக்கு மார்க்கே கிடையாது, சோதனைக்காகச் சேர்த்தது. எந்த 20னு சொல்ல மாட்டாங்க. தெரியாத கேள்வி வந்தா "இது அந்த இருபதுல ஒண்ணா இருக்கும்"னு நினைச்சுத் தேத்திக்கிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான். நான் அப்படி ஒரு நாற்பது கேள்வி தேத்திக்கிட்டேன்.

முதல்ல பார்க்க வேண்டியது அங்கீகாரம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், அதாவது ஏவிஎம்ஏ, அங்கீகாரம் கொடுத்த படிப்பான்னு அவங்க வெப்சைட்லயே பாருங்க. காலேஜ் சொல்றதை மட்டும் நம்ப வேண்டாம். "நாங்க அங்கீகாரம் பெற்றவங்க"ன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. காலேஜுக்குப் பொதுவா இருக்கிற அங்கீகாரம் வேற, இந்தப் படிப்புக்கு ஏவிஎம்ஏ கொடுக்கிறது வேற. பட்டியல்ல "இனிஷியல்"னு போட்டிருந்தா பயப்பட வேண்டாம், புதுசா ஆரம்பிச்ச படிப்புன்னு அர்த்தம், அதுவும் செல்லும். "ப்ரொபேஷனரி"ன்னு இருந்தா ஏன்னு கேளுங்க. "வெட்டர்னரி அசிஸ்டன்ட்" சான்றிதழ்னா அது வேற படிப்பு. ஃபோன்ல பேசும்போது ரெண்டையும் கலந்து பேசுவாங்க, காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க.

தொலைதூரத்துலயும் அங்கீகாரம் உள்ளது இருக்கு. பர்டூ, நியூ மெக்சிகோவுல இருக்கிற சான் வான் காலேஜ், பென் ஃபாஸ்டர் இப்படி. நானும் தொலைதூரம்தான் படிச்சேன், எங்கேன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா இனி சொல்லப் போறது கொஞ்சம் புலம்பல்.

வீட்டிலிருந்து படிக்கலாம்னு சொல்றாங்கல்ல, பாடம்தான் வீட்டுல. கை வேலையை உண்மையான க்ளினிக்ல செஞ்சு, வீடியோ எடுத்து அனுப்பணும். அந்தக் க்ளினிக்கை யார் பிடிக்கிறது? நீங்கதான். நான் அப்ப ஹூஸ்டன் பக்கத்துல ஒரு நாய் பூனை க்ளினிக்ல அசிஸ்டன்ட். அதனால ரத்தம் எடுக்கிறது, எக்ஸ்ரே, மயக்க மருந்து குடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எழுதுறது எல்லாம் ஓடிடுச்சு. பெரிய விலங்குப் பாடம் வந்ததும் நின்னுட்டேன். குதிரை கழுத்துல ரத்தம் எடுக்கணும். மாட்டுக்கு வாலடியில எடுக்கணும். எலி, முயலைப் பிடிக்கிற விதமும் காட்டணும். எங்க க்ளினிக்ல மாட்டுக்கு எங்க போறது? காலேஜைக் கேட்டா "அது மாணவர் பொறுப்பு"ன்னு ஒரு வரியில ஈமெயில்.

பதினாலு பண்ணை டாக்டருங்களைக் கூப்பிட்டேன். பன்னெண்டு பேர் இன்சூரன்ஸைச் சொல்லி மறுத்துட்டாங்க, ஒருத்தர் திருப்பிக் கூப்பிடவே இல்ல. கடைசி ஆள் ஒரு கிழவர், "காலைல அஞ்சு மணிக்குப் பண்ணைக்கு வந்துடு, லேட்டானா விட்டுட்டுப் போயிடுவேன்"னார். போனேன். வாலை நேரா மேல தூக்கிப் பிடிச்சு, அடிப்பக்கம் நட்ட நடுவுல, எலும்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில ஊசி. முதல் தடவையே ரத்தம் வந்துடுச்சு! சின்ன வயசுல எங்க தாத்தா மாட்டுக்கு மூங்கில் குழாய்ல மருந்து புகட்டும்போது வாலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன புண்ணியம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தா, படம் எடுத்த என் வீட்டுக்காரர் மொத்த நேரமும் மாட்டோட மூஞ்சியை எடுத்து வெச்சிருக்கார். கேட்டா, "அது என்னையே பார்த்துச்சு"ங்கிறார்.

மறுபடி அஞ்சு மணி.

ரெண்டு வருஷத்துல முடிக்கலாம்னு ஆரம்பிச்சது, முடிக்க நாலு வருஷம் ஆச்சு. படிப்பு மோசம்னு சொல்ல வரல. பரீட்சையில முதல் தடவையே பாஸ். ஆனா சேர்றதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி: "மாட்டை யார் ஏற்பாடு பண்ணுவாங்க?" நீங்க எங்க கூப்பிட்டாலும் இதைத்தான் கேளுங்க. நேர்ல போற காலேஜ்னா அவங்களே பண்ணைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, இல்ல சொந்தமா வெச்சிருப்பாங்க. பதில்ல இழுத்தாங்கன்னா புரிஞ்சுக்கங்க.

அடுத்தது தேர்ச்சி விகிதம். அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு படிப்பும் மூணு வருஷ விடிஎன்இ தேர்ச்சியை வெப்சைட்ல போட்டே ஆகணும். எங்கயாவது மூலையில இருக்கும், தேடிப் பிடிங்க. சதவீதத்தை மட்டும் பார்க்காதீங்க, எத்தனை பேர் எழுதினாங்கன்னும் பாருங்க. நாலு பேர் எழுதி நாலு பேரும் பாஸானாலும் நூறு சதவீதம்தான். பாதியில விட்டுட்டுப் போனவங்க அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க. அதனால "எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க"ன்னு தனியா கேளுங்க. தொலைதூரத்துல இந்தக் கேள்விக்குத்தான் வெயிட்டு.

கணக்கு எப்படி உங்களுக்கு? சாதாரணக் கணக்குதான், ஆனா நாய் கத்திக்கிட்டிருக்கும்போது போடணும். எட்டு கிலோ நாய், வாந்தி நிறுத்துற மரோபிடன்ட், கிலோவுக்கு 1 மில்லிகிராம், மருந்துல ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு. எத்தனை மில்லி? 0.8. புள்ளியை ஒரு இடம் தள்ளி வெச்சா எட்டு மில்லி. அவ்வளவுதான் வித்தியாசம், அதனாலதான் ரெண்டு பேர் பார்க்கணும். விலங்கியல் படிச்ச உங்களுக்கு உடற்கூறு பயமில்ல, இந்தக் கணக்கை மட்டும் இப்பவே போட்டுப் பழகுங்க.

மாமியாருக்குச் சொல்ல: கலிபோர்னியால டாக்டர் பக்கத்துல இருக்க மயக்கம் கொடுக்கிறது, பல் பிடுங்குறது, தோலைத் தைக்கிறது இதெல்லாம் டெக்னீஷியன்ல ஆர்விடி மட்டும்தான் செய்யலாம், அசிஸ்டன்ட் தொடக் கூடாது. நோய் என்னன்னு சொல்றது, மருந்து எழுதுறது, ஆபரேஷன் பண்றது மூணும்தான் நம்ம கையில இல்ல.

குழந்தை விஷயம். கர்ப்பமா இருக்கும்போது மூணு விஷயத்துல கவனம் வேணும்: எக்ஸ்ரே, மயக்க வாயு, பூனை மலம். நான் ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கும்போதே வேலை பார்த்தேன். தெரிஞ்ச அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொன்னேன். எக்ஸ்ரே அறைக்குப் போகல, பூனைக் கூண்டை வேற ஆள் கழுவினாங்க. மயக்க வாயுவை வெளியே இழுக்கிற குழாய் சரியா இருக்கான்னு பார்க்கச் சொன்னேன், மூணு வருஷமா யாரும் பார்க்கல போல. படிக்கும்போது கர்ப்பமானா சில பாடத்தை ஒத்தி வைக்க விடுவாங்களான்னு காலேஜ்ல முன்னாடியே கேட்டு வைங்க.

நாலாவது வழியைப் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. அதை வேற யாராவது சொல்லட்டும்.

---

நாமக்கல்_வெட்:

அந்த வேற யாராவது நானாவே இருந்துட்டுப் போறேனுங்க.

நாமக்கல்ல பி.வி.எஸ்சி. முடிச்சவன். இங்க டாக்டரா வேலை செய்ய ஈசிஎஃப்விஜின்னு ஒரு நீண்ட பாதை இருக்குது, அதுல பாதியில நிக்கறேன். பல்லி அக்கா சொன்னதுல ஒண்ணைத் தவிர எல்லாம் சரி.

கலிபோர்னியால மாற்று வழி நெசமாவே இருக்குதுங்க. டாக்டர் நேரடிப் பார்வையில 4,416 மணி நேரம், 24 மாசத்துக்குக் குறையாம. கூடவே 300 மணி நேரம் அளவுக்கு வகுப்பு. வாரம் நாற்பது மணின்னு வெச்சா சுமார் 110 வாரம். இது பொய்யில்லீங்க. எங்க க்ளினிக்லயே ஒருத்தர் இப்படி வந்தவர். அவர் நரம்புல ஊசி ஏத்துற மாதிரி நான் இன்னும் ஏத்தறது இல்ல, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். எங்க ஊர்ல டாக்டரே செய்யற பாதி வேலை இங்க டெக் கையில இருக்குது. நான் வந்த புதுசுல ஐவி கத்தீட்டர் (நரம்புல மருந்து ஏத்துற சின்னக் குழாய்) போடப் போனப்ப, தலைமை டெக் அம்மா என் கையைப் பார்த்துட்டு நிதானமா "டாக்டர், நான் போடட்டுமா?"ன்னாங்க. மருவாதியாத்தான் கேட்டாங்க. கேட்ட தொனியை மறக்க முடியல.

இந்த வழியில காசு அதிகம் செலவாகாது, சம்பளம் வரும். ஆனா மூணு வயசுக் குழந்தையை வெச்சுக்கிட்டு வாரம் நாற்பது மணி நேரம் வேலை, அதுவும் இந்த வேலை, முடியுமான்னு நீங்கதான் பார்க்கோணும்.

இன்னொண்ணு. மணிக்கணக்கு கணக்குல வந்தா மட்டும் போதாது, வேலை கத்துக்கொடுக்கிற க்ளினிக்கா இருக்கோணும். ரெண்டு வருசம் நாயைப் பிடிச்சு நிக்கிற வேலையே செஞ்சாலும் மணி ஏறிடும், கை ஏறாது.

---

வாலில்லாப்பல்லி:

@நாமக்கல்_வெட் தம்பி, வழி இல்லைன்னு நான் சொல்லலையே. என் பிரச்சினை வேற. அந்த வழியில வந்தவங்க கலிபோர்னியாவை விட்டுப் போனா பெரும்பாலான மாநிலங்கள்ல முதல் கேள்வியே "ஏவிஎம்ஏ படிப்பு முடிச்சீங்களா?"தான். இந்தப் பக்கம் ஐடி வேலையை நம்பி யார் எந்த ஊர்ல எத்தனை வருஷம் இருப்போம்னு எழுதிக் கொடுக்க முடியும்? நானே ஹூஸ்டன்ல வீடு வாங்கி, திரைச்சீலை எல்லாம் அளந்து தைச்சு மாட்டின ஆறாவது மாசம் மாத்தல் வந்துச்சு. திரைச்சீலை இங்க ஒரு ஜன்னலுக்கும் பொருந்தல. லைசென்ஸ் மட்டும்தான் பொருந்துச்சு.

---

நாமக்கல்_வெட்:

சரிங்க அக்கா, திரைச்சீலைக்கு எதிர்வாதம் எங்கிட்ட இல்ல.

---

கணக்குப்பிள்ளை:

நான் இந்தத் துறை இல்லை. மனைவி இந்தத் துறை. ஆனால் பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்கில் 2023 மே மாதம் வெட் டெக் வேலையின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 43,740 டாலர். நாடு முழுவதற்குமான கணக்கு இது. நீங்கள் இருக்கும் விரிகுடாப் பகுதியில் கூடுதலாக இருக்கும், வாடகையும் அப்படியே. இந்தச் சம்பளத்தில் எவ்வளவு கடனை அடைக்க முடியும் என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் கல்லூரியைப் பாருங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்குக் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு (பாட அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். ஃபுட்ஹில் காலாண்டு முறையில் நடப்பதால் யூனிட்டுக்கு 31. தொண்ணூறு யூனிட் என்று வைத்தாலும் 2,790 டாலர். வெட் டெக்குக்கு யூனிட் அதைவிடக் கூடும், புத்தகமும் ஸ்க்ரப்ஸ் சீருடையும் தனி. இருந்தாலும் மூன்று தடவை கூப்பிடும் கல்லூரி சொன்ன தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் கணவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்வார்.

உங்கள் பி.எஸ்சி.யை வீணாக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கல்லூரியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் கேட்காமல் கட்டினோம், இரண்டு தடவை கட்டினோம்.

க்ளினிக் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். என் மனைவி ஆய்வக விலங்குப் பிரிவில் இருக்கிறாள். அங்கே ஏஏஎல்ஏஎஸ் என்ற சங்கம் நடத்தும் தேர்வுகள் உண்டு; ஏஎல்ஏடி, எல்ஏடி, எல்ஏடிஜி என்று மூன்று படி. உங்கள் பக்கம் பயோடெக் நிறுவனங்கள் நிறைய. வேலை நேரம் ஒழுங்கு. ஆனால் அந்த வேலையின் முடிவில் எலிக்கு என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் முதல் வருடம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பேசமாட்டாள். இப்போது பேசுகிறாள், வேலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

---

சாம்பல்பூனை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்குப்பிள்ளை சார், அந்த ரெண்டு தொகையையும் ஒரே தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன். தனியார் காலேஜ் நம்பரையும் ப்ளாக் பண்ணியாச்சு.

பல்லி அக்கா, நீங்க சொன்ன கேள்வியோட நேத்து ஒரு ஆன்லைன் காலேஜைக் கூப்பிட்டேன். "மாட்டை யார் ஏற்பாடு பண்ணுவாங்க?"ன்னு கேட்டதும் அந்தப் பொண்ணு, "சாரி, என்னது, மாடா?"ன்னா. அப்புறம் ரெண்டு நிமிஷம் பாட்டு போட்டுட்டு வந்து, உங்களுக்கு வந்த அதே வரியைச் சொன்னா.

ஒரு சந்தேகம். காப்பகத்துல நாய், பூனை சாகிறதைப் பார்த்திருக்கேன். ஆனா நானே ஊசி ஏத்தி... அது எப்படி?

---

வாலில்லாப்பல்லி:

கடைசி மருந்தை எங்க க்ளினிக்ல டாக்டர்தான் ஏத்துவார். ஆனா அதுக்கு முன்னால அந்த நரம்புல கத்தீட்டர் போட்டு வைக்கிறது நம்ம வேலை. அதை முதல் தடவையே சரியா போட்டுட்டா, வீட்டுக்காரங்க அவங்க நாயை மடியில வெச்சுக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்திருக்க முடியும். நாலு தடவை குத்தினா அவங்க அதைத்தான் கடைசி வரைக்கும் நினைச்சுக்கிட்டிருப்பாங்க. எனக்கு இன்னமும் மத்த கத்தீட்டருக்கு நடுங்காத கை அதுக்கு மட்டும் நடுங்கும், போட்டு முடிச்சதுக்கு அப்புறம். சில வாரம் ஒண்ணுகூட இருக்காது, சில நாள் காலையிலேயே மூணு. படிக்கும்போது இதைச் சொல்லித் தர்றாங்களா, இல்ல ஒரு ஸ்லைடோட தாண்டிடுறாங்களான்னு அங்க படிக்கிற பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, ஆபீஸ்ல கேட்காதீங்க.

ஃபுட்ஹில்லுக்கு நேர்ல போறதா இருந்தா டம்பார்டன் பாலத்துல காலைல எட்டு மணிக்கு ஒரு தடவை, சும்மா, வண்டி ஓட்டிப் பாருங்க. ரெண்டு வருஷம் அதுல போயிட்டு வர முடியுமான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். டோல் கட்டணும், போற பக்கம் மட்டும்.

அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி யார் காசுல போடணும்னு கேளுங்க. 2022லிருந்து முன்கூட்டிப் போடுறது ரெண்டு ஊசிதான், முன்ன மூணு. ரெண்டா குறைஞ்சாலும் விலையைக் கேட்டா உங்க வீட்டுக்காரர் மறுபடி கண்ணாடியைக் கழட்டுவார்.

---

சாம்பல்பூனை:

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன் அக்கா. எட்டு மணிக்கு இல்ல, பையனை டேகேர்ல விட்டுட்டு எட்டரைக்கு. போக ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம். திரும்பி வரும்போது வழியில பையனுக்குப் பசிக்குதுன்னு டேகேர்ல இருந்து ஃபோன். நாப்பது நிமிஷத்துல வந்துட்டேன்.

விண்ணப்பத்தை நிரப்பிக்கிட்டிருக்கேன். "விலங்குகளோடு உள்ள அனுபவம்"னு ஒரு கட்டம் இருக்கு. ஒன்றரை வருஷம் துண்டு மடிச்சதை எப்படி எழுதுறது?

---

நாமக்கல்_வெட்:

துண்டு மடிச்சேன்னே எழுதுங்க. எத்தனை மணி நேரம்னு காப்பகத்துல கையெழுத்து வாங்கி இணைச்சிடுங்க. கழுத்து நரம்புல ரத்தம் எடுத்த அந்த டெக்னீஷியன்கிட்ட ஒரு பரிந்துரைக் கடிதமும் கேளுங்க. அவங்க உங்களைக் கவனிச்சிருப்பாங்க. பக்கத்துல துண்டோட அசையாம நின்ன ஆளை நாங்க மறக்கறது இல்லீங்க.